இறங்கியவன் வாங்கும் காப்பி

ஹெமெதியின் பெயரை எடுத்தால் கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத்து எங்கள் பங்கானியில் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் யாராவது காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்ன இருந்தாலும் நல்ல பாட்டுக்காரன்பா" என்பார்கள். அதை யாரும் மறுப்பதில்லை.

ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரியில் அவன் எஞ்சின் ஆள். இந்தக் கரையில் ஊர், அந்தக் கரையில் ப்வேனி. லாரி, பேருந்து, ஆடு, கல்யாணக் கூட்டம், பிணம் எதுவானாலும் அவன் எஞ்சின் தயவில்தான் அக்கரை சேர வேண்டும். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அவன் நகக்கண்ணிலிருந்து கிரீஸ் போகாது. அந்த எஞ்சின் தடதடவென்று அடிக்கிற தாளத்திலேயே பாட்டுக் கட்டுவான். எங்கள் பாட்டில் ஒரு வரிக்கு எட்டு அசை, ஒரு மூச்சு, மறுபடி எட்டு அசை. நடுவிலும் கடைசியிலும் ஓசை ஒத்துப்போக வேண்டும். ஓர் அசை குறைந்தால் மீன் கழுவுகிற பெண்கூட முகத்தைச் சுளிப்பாள். ஹெமெதிக்கு ஒருநாளும் குறைந்ததில்லை.

அவனுக்குச் சரிக்குச் சமமாக நின்றவள் சுவேனா. படகுத்துறை ஓரத்தில் காலையில் வித்தும்புவா சுட்டு விற்பவள். வேறொன்றுமில்லை, அரிசிமாவில் தேங்காய்ப்பால் ஊற்றி எட்டுக்குழிச் சட்டியில் சுடுகிற பணியாரம்தான். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். பணியாரத்தைத் திருப்பிப் போடச் சைக்கிள் கம்பி ஒன்று வைத்திருப்பாள். மனதுக்குள் பாட்டு ஓட ஆரம்பித்தால் கம்பி சட்டியின் விளிம்பில் தட்டத் தொடங்கும். எட்டு, ஒரு நிறுத்தம், எட்டு. அந்த நேரத்தில் யாரும் மீதிச் சில்லறை கேட்கக் கூடாது. பணியாரம் கருகியிருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போய்விட வேண்டும்.

பக்கத்து நகரமான டாங்காவிலுள்ள ஒரு சின்ன வானொலியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேயர் பாட்டு வாசிப்பார்கள். ஒரு வாரம் இவன் கேள்வி போடுவான். மறுவாரம் அவள் பதில் சொல்லிவிட்டு அதன் வாலிலேயே தன் கேள்வியைக் கட்டி அனுப்புவாள். உப்புப் பெரிதா சர்க்கரை பெரிதா, மாமியார் பொல்லாதவளா மழை பொல்லாததா என்று இரண்டு பேரும் தலை நரைக்கும் முன் ஆரம்பித்த சண்டை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? என்னென்னவோ பேசினார்கள். ஹெமெதியின் மனைவி ரிஸிக்கிதான் அதற்கு ஒரு வழி பண்ணினாள். "சோத்துக்கு எங்கிட்ட வராரு, சண்டைக்கு அவகிட்ட போறாரு. நிம்மதியா இருக்கறது நான்தான், உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று குழாயடியில் ஒரு போடு போட்டாள். அதோடு பேச்சு அடங்கியது.

இந்தச் சண்டைக்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. பதில் சொல்ல முடியாமல் போனவர் பாதாம் மரத்தடியில் இருக்கும் ஷெகுவேயின் காப்பிக் கடைக்கு வர வேண்டும். "நான் இறங்கிட்டேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லி, இருக்கிற அத்தனை பேருக்கும் காப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும். அப்படி இறங்கியவர் அதன்பிறகு ஜெயித்தவருக்கு எதிராக ஒரு வரி பாடக் கூடாது. ஜெயித்தவரே ஒருநாள் தானாக வந்து இறங்கினால்தான் கட்டு அவிழும். எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். ஹெமெதியும் சுவேனாவும் அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட இறங்கவில்லை. "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் காப்பி வாங்கறதுக்குள்ள நாங்க மௌத்தாயி மண்ணுக்குள்ள போயிருவோம்" என்று கடையில் இருப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

இப்படி இருந்தவன் வாழ்க்கையில்தான் அந்தப் போட்டி வந்து நுழைந்தது.

படகுத்துறைக்குப் பக்கத்தில் சல்ஹா என்ற பெண் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வானொலிக்குப் பாட்டு அனுப்பித் தருவது அவள்தான். ஒருநாள் அவள் போனில் ஒரு விளம்பரம் ஓடியது. பொன்னிறகு உலகக் கவிதைப் பேரவை, எந்த நாட்டவரும் எழுதலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. ஹெமெதி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பேத்தி எடுத்த வயது. வானொலி எட்டுகிற தூரத்தைத் தாண்டித் தன் பெயர் போகாதா என்று அவனுக்கு உள்ளுக்குள் ஓர் ஏக்கம் இருந்திருக்கிறது, எங்கள் யாருக்கும் தெரியாமல். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். ஆற்றைப் பற்றிய தன் பாட்டை எடுத்துக் கொடுத்தான். அதன் கருத்து இப்படி இருக்கும்:

ஆற்றைக் கடலும் அழைப்பதில்லை, ஆறே தேடிப் போகிறது.
சேற்றைச் சுமந்தும் களைப்பதில்லை, ஊரே பார்க்க ஓடியது.
காற்றும் குறுக்கே தடுப்பதில்லை, நீரே நீரில் சேர்கிறது.
தோற்றுப் போனதை ஒளிப்பதில்லை, பேரே அங்கே கரைகிறது.

இதற்குச் சுவேனா சொன்ன பதில் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். "ஆறு கடலைத் தேடுதென்றாய், அலைமேல் நின்று பார்த்தாயோ? நாளும் கடலே ஏறி வந்து ஆற்றின் கதவைத் தட்டலையோ?" என்று ஆரம்பிக்கும். எங்கள் ஆற்றில் ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே ஏறி வருவதைத் தினமும் பார்க்கிறவன் ஹெமெதி. அவன் பார்த்துக்கொண்டே விட்டதை அவள் பிடித்துவிட்டாள். கேள்வியும் பதிலும் சேர்ந்தால்தான் அது பாட்டு. ஆனால் போட்டிக்கு அவன் தன் கேள்வியை மட்டும் அனுப்பினான். சல்ஹாவின் போனே அதை ஆங்கிலத்தில் மாற்றியது. அது எப்படி மாற்றியது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது. சல்ஹா போனைப் பார்த்துப் பார்த்துத் அவனுக்குத் தெரிந்த பேச்சில் சொல்லிக்கொண்டு போனாள்.

"'மதிப்புக்குரிய ஹெமெதி அவர்களே, உங்கள் கவிதையைப் படித்து எங்கள் நடுவர் குழு கண்கலங்கியது. ஆங்கில மொழியில் உங்களுக்குள்ள ஆளுமை அரிதானது...'" என்றவள் சிரித்துவிட்டாள். "மாமா, அந்த இங்கிலீஷ் உங்களுதா? என் போனோடதாச்சே!"

"நடுவரைவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ? மேல படி."

மேலே இருந்தது இதுதான். ஆயிரக்கணக்கானவர்களில் அவன் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டான். கவிதை தங்க ஓரம் போட்ட புத்தகத்தில் அச்சாகும். புத்தகம் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். சட்டம் போட்ட சான்றிதழுக்குத் தனியாக. லண்டன் விழாவில் மேடையேற வேண்டுமானால் அது வேறு.

"மாமா, பரிசுன்னா அவங்க நமக்குக் குடுக்கணும். நாம அவங்களுக்குக் குடுத்தா அதுக்குப் பேரு கடை" என்றாள் சல்ஹா.

"அச்சடிக்கக் காகிதம் வானத்துல இருந்தா வரும்?" என்றான் அவன்.

வீட்டுக் கூரையைக் கீற்றிலிருந்து தகரத்துக்கு மாற்றச் சேர்த்து வைத்திருந்த பணம் இருந்தது. லண்டனைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கட்டினான். ரிஸிக்கி அன்றைக்குக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் சுவேனாவின் அடுப்படியில் போய் நின்றான். உலகப் போட்டியில் ஜெயித்துவிட்டதாகவே அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் பணியாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு தோத்தா?" என்றாள்.

"என்னது?"

"நீ ஜெயிச்சேங்கிற. அப்ப யாராவது தோத்திருக்கணும்ல? யாரு தோத்தா? யாரு காப்பி வாங்கினா?"

"உலகம் பூரா எழுதியிருக்காங்க சுவேனா. அத்தனை பேரு வீட்டுக்கும் போயி நான் விசாரிக்க முடியுமா?"

"சரி, நடுவர் பேரு?"

"போடல."

"பேரு போடாத நடுவரு, முகம் தெரியாத தோத்தவன், நீ மட்டும் ஜெயிச்சவன்." கம்பியால் ஒரு பணியாரத்தைப் புரட்டினாள். "என் பதிலையும் சேத்துத்தானே அனுப்பின?"

ஹெமெதி நகக்கண்ணிலிருந்த கிரீஸைச் சுரண்டினான்.

"பாதிப் பாட்டுக்குத்தான் இத்தனை கண்கலங்கலா?"

"உனக்கு வயித்தெரிச்சல்" என்றான் அவன். அத்தனை வருஷ வசவிலும் இந்த ஒரு சொல்லை அவன் சொன்னதில்லை. அவளும் அப்படித்தான் பார்த்தாள், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல. பிறகு இலையில் இரண்டு பணியாரம் வைத்து நீட்டினாள். "இந்தா. சூடா இருக்கு, ஊதித் தின்னு" என்றாள்.

உலகக் கவிதைச் சாம்பியன் என்று அச்சடித்த சான்றிதழின் படம் போனில் வந்ததும் ஹெமெதி அதை வானொலிக்கு அனுப்பச் சொன்னான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நம் பங்கானி ஹெமெதி உலகக் கவிதைச் சாம்பியன் ஆகிவிட்டார் என்று அறிவித்தார். ஃபெர்ரியில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ப்வேனிக் கரையில் யாரோ குலவையிட்டார்கள். ஷெகுவே கடையில் ஹெமெதிக்கென்று தனி நாற்காலி வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சுவேனா அந்தக் கடைக்கு வந்தாள். பெண்கள் அங்கே வருவதில்லை. காங்காத் துணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மர நிழல் முடிகிற இடத்தில் நின்றாள். முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்து ஷெகுவேயின் அடுப்போரம் வைத்தாள்.

"எல்லாருக்கும் ஊத்துங்கண்ணே."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த கிண்ணங்களைக் கீழே வைத்தார்கள்.

"ரேடியோலயே சொல்லிட்டாங்க. உலகமே இறங்கின எடத்துல நான் ஒருத்தி ஏறி நின்னா நல்லாருக்காது. நான் இறங்கிட்டேன், ஹெமெதி."

அவளுக்கு அந்தப் போட்டியில் நம்பிக்கை இருந்ததா? இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் வயிற்றெரிச்சல் என்று ஒருவன் சொல்லிவிட்டான். இனி அவள் என்ன பாடினாலும் அதை எரிச்சல் என்றே ஊர் கேட்கும். ரோஷக்காரிக்கு இறங்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வேறு ஊர்க்காரியாக இருந்தால், போடா போக்கிரி என்று சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்திருப்பாள். எங்களுக்கு முறைதான் பெரிது.

ஹெமெதி அந்தக் காப்பியைக் குடித்தான். அன்றைக்கு அவனுக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்து என்ன ஆகப் போகிறது? சந்தோஷமாகத்தான் இருந்தான். வருஷக்கணக்காக இலவசக் காப்பிக்குக் காத்திருந்த மற்றவர்களுக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை.

அதற்கப்புறம் சில நாளில் சல்ஹா அவனைக் கடைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"மாமா, கோவிச்சுக்கக் கூடாது. மனசு கேக்கல, நானும் ஒண்ணு அனுப்பிப் பாத்தேன்."

"நீ எப்ப பாட்டுக் கட்டின?"

"கட்டல. நம்ம ஃபெர்ரிப் பலகையில இருக்கறத அப்படியே அனுப்பினேன். எங்க பூனை பேர்ல."

ஃபெர்ரியில் ஏறுகிற இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. "வண்டி ஏறும் முன் பயணிகள் இறங்கி நடக்கவும். எஞ்சின் அருகே புகை பிடிக்காதீர். ஆட்டுக்குத் தனிக் கட்டணம்." அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து எழுதியவனே ஹெமெதிதான். சல்ஹா போனை நீட்டினாள். நடுவர் குழு கண்கலங்கியிருந்தது. ஆங்கில மொழியில் பூனைக்கிருந்த ஆளுமையும் அரிதானது. இறுதிச் சுற்று, தங்க ஓரம், சட்டம் போட்ட சான்றிதழ், லண்டன். ஒரு சொல் மாறவில்லை.

இந்த இடத்தில்தான் ஊர் சிரிக்கும். சல்ஹா சிரிக்கவில்லை. ஹெமெதியின் முகத்தைப் பார்த்தவள் எப்படிச் சிரிப்பாள்? அவன் கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நெற்றியெல்லாம் கறுப்பானது.

"சுவேனா அக்காகிட்ட போயிச் சொல்லிடுங்க மாமா. இன்னிக்கே சொல்லிடுங்க."

"சொல்றேன். இந்த வெள்ளிக்கிழமை சொல்லிடறேன். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் மூச்சு விடாத."

"படகு கட்டற மக்காமே அண்ணன் தன்னோட பாட்டையும் அனுப்பணும்னு தினம் வந்து நிக்கறாரு. உங்களப் பாத்துத்தான். நான் அவருக்கு என்ன சொல்ல?"

"கரண்டு இல்லன்னு சொல்லு."

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. கடை வரை போனான். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க சாம்பியன்" என்றார் ஷெகுவே. உட்கார்ந்துவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கதை. உண்மை வாய்க்குள் இருக்கும்போது கனமாக இருக்கும், வெளியே போட்டால் லேசாகிவிடும் என்பதெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்ல நன்றாக இருக்கிறது. ஒரு நாற்காலிக்காக அவன் வாயைக் கட்டிக்கொண்டான். இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

மக்காமே பொறுத்துப் பார்த்தார். சல்ஹா கடையில் எப்போதும் கரண்டு இல்லாததால் டாங்காவுக்கே பேருந்து ஏறிப் போய் அனுப்பினார். அவரும் இறுதிச் சுற்றுக்கு வந்தார். மழை தொடங்கிய வாரத்தில், பணம் கட்டுவதற்காகத் தன் மரம் செதுக்கும் வாய்ச்சியையும் துளை போடும் கருவியையும் விற்றார். படகு கட்டுகிறவன் வாய்ச்சியை விற்பது கையை விற்பது மாதிரி. ஃபெர்ரியில் ஹெமெதியைப் பார்த்து, "நானும் உங்க பின்னாடியே வரேன் அண்ணே" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஹெமெதி எஞ்சினுக்குள் குனிந்துகொண்டான்.

மாசிக்கா என்கிற அந்தப் பெருமழை வலுத்த சமயத்தில் புத்தகம் வந்து சேர்ந்தது. தூக்கினால் கை வலிக்கிற கனம். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்துக் கவிதை. அவனுடைய ஆறு எங்கோ கடைசிப் பக்கங்களில், செத்துப்போன நாய்க்கு அழுத ஒரு பாட்டுக்கும் யாருடைய குழந்தைக்கோ எழுதிய பிறந்தநாள் வாழ்த்துக்கும் இடையில் நசுங்கிக் கிடந்தது. அந்த நாய்க்காரருக்கும் ஒரு கூரை இருந்திருக்கும். அவரும் யாரிடமோ போய் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லியிருப்பார். புத்தகத்தில் எங்கும் தோற்றவர் என்று ஒருவர்கூட இல்லை.

வீட்டுக்குள் நாலு இடத்தில் ஒழுகியது. ரிஸிக்கி சட்டி, குடம், வாளி என்று இருப்பதையெல்லாம் பரப்பி வைத்தாள். "உலகச் சாம்பியன் வீட்டுல வெளியிலயும் மழை, உள்ளயும் மழை" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அவள் வெகுநேரம் சட்டியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "தகரம் போனது போகட்டும். அந்தப் பொம்பளையோட வாயைத் திறந்து விட்டுட்டு வாங்க" என்றாள்.

போனான். மழைக்குச் சாக்குப் படுதா கட்டிக்கொண்டு சுவேனா அடுப்பு மூட்டியிருந்தாள். கம்பி கையில் இருந்தது, தட்டவில்லை. அவள் இறங்கிய நாளிலிருந்து அந்தச் சட்டி விளிம்பில் சத்தம் கேட்டவர்கள் யாருமில்லை.

"வா சாம்பியன். நனையற, உள்ள வந்து நில்லு."

பக்கத்தில் குந்தினான். இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள். ஏற்றம் பிடித்துக் கலங்கல் தண்ணீர் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவளே பேச்செடுத்தாள். "எங்கிட்ட ஒண்ணு இருக்கு ஹெமெதி. உன் ஆத்துப் பாட்டுக்கு இன்னொரு பதிலு. அன்னிக்குச் சொன்னது கெட்டிக்காரத்தனம். இது அப்படி இல்ல. மழ ஆரம்பிச்சதுலேர்ந்து வாய் வரைக்கும் வந்து நிக்குது. ராவுல தூங்க விடமாட்டேங்குது."

அவன் சாக்குப் படுதாவில் ஒழுகிய தண்ணீரைக் கையால் தட்டிவிட்டான்.

"நெசமாவே ஜெயிச்சியா? நீ அல்லா மேல ஆணையெல்லாம் வைக்க வேணாம். என்னப் பாத்து ஆமாம்னு சொல்லு, நான் வாய மூடிக்கறேன். இல்லேன்னு சொல்லு, இப்பவே பாடிடறேன்."

இதைவிட அகலமாக யாரும் கதவைத் திறந்து வைக்க முடியாது. படுதாவுக்கு வெளியே இரண்டு மீன்காரர்கள் பணியாரத்துக்கு நின்றார்கள். அவர்களில் ஒருவன், "சாம்பியனுக்கு முதல்ல குடு அக்கா" என்றான்.

"ஆமா" என்றான் ஹெமெதி. "ஜெயிச்சேன்."

"அப்ப சரி" என்றாள் சுவேனா. இரண்டு பணியாரம் எடுத்து இலையில் வைத்தாள்.

மழை விட்டுச் சில நாளில், விடியற்காலையில், மாவுச் சட்டி பக்கத்திலேயே சுவேனா சாய்ந்து கிடந்தாள். அடுப்பில் பணியாரம் எட்டும் கரியாகியிருந்தது. ஃபெர்ரி ஆட்கள்தான் தூக்கினார்கள். டாங்கா ஆஸ்பத்திரியிலிருந்து அவளை மகள் திரும்பக் கொண்டுவந்தபோது வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சொல் எதுவும் வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆளை அடையாளம் தெரிகிறது, காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது. பேச்சு மட்டும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஹெமெதி ஷெகுவே கடைக்கு வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை. சுவேனா நின்ற இடத்திலேயே, நிழல் முடிகிற இடத்தில் நின்றான்.

"எல்லாருக்கும் ஊத்து ஷெகுவே. நான் இறங்கிட்டேன்."

"யாருகிட்டய்யா இறங்கற? அவதான் படுத்துக் கெடக்கறாளே!"

சொன்னான். நடுவர், புத்தகம், கூரைப் பணம், ஃபெர்ரிப் பலகை, பூனை என்று ஒன்றையும் விடாமல் சொன்னான். பூனை வந்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் நிறுத்திக் காத்திருந்து, சிரிப்பு அடங்கியதும் மீதியைச் சொன்னான். சுவேனா கேட்டது, தான் ஆமாம் என்றது வரைக்கும். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஓரத்திலிருந்து மக்காமே கேட்டார். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"மழைக்கு முன்னாடியே."

"நான் வாய்ச்சிய வித்தது மழையிலதான் அண்ணே."

மக்காமே கிண்ணத்தில் வாய் வைக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த ஒரு கிண்ணத்தை எடுக்க ஷெகுவேக்கும் மனம் வரவில்லை. ஆறி ஆடை படிந்து இருட்டும்வரை அங்கேயே இருந்தது. மக்காமே இன்றைக்கும் ஹெமெதியோடு பேசுவதில்லை. ஃபெர்ரியில் ஏறினால் எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பார்.

ஹெமெதி அங்கிருந்து நேராகச் சுவேனாவின் வீட்டுக்குப் போனான். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழி விட்டாள். சுவேனா கட்டிலில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தாள்.

"நான் இறங்கிட்டேன் சுவேனா. எல்லாருக்கும் காப்பி வாங்கிக் குடுத்துட்டேன். ஒரு மண்ணும் ஜெயிக்கல நான். நீ கேட்டப்போ பொய் சொன்னேன்." அழுதான். "இனி உனக்குக் கட்டு இல்ல. அது என்னன்னு சொல்லு."

சொல்லு என்று கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

சுவேனா அவனை வெகுநேரம் பார்த்தாள். அவள் மன்னித்தாளா, வைதாளா, அந்த இழுத்த வாயை வைத்து யாரால் சொல்ல முடியும்? பிறகு இடது கை மெல்ல நகர்ந்து கட்டில் சட்டத்துக்கு வந்தது. ஆள்காட்டி விரல் மரத்தில் தட்டியது. எட்டு. ஒரு நிறுத்தம். எட்டு. இரண்டாம் வரி. மூன்றாம் வரி. நான்காம் வரியின் கடைசி அசையில் விரல் கொஞ்சம் அழுத்தி நின்றது. ஓர் அசை குறையவில்லை. தட்டி முடித்து அவனை ஏறிட்டுப் பார்த்தாள், வானொலியில் தன் பதில் வாசித்து முடித்த மறுநாள் காலையில் பார்ப்பாளே, அதே பார்வை.

"இன்னொரு தரம்" என்று கெஞ்சினான். அவள் மறுபடி தட்டினாள். அதே எட்டு, அதே எட்டு. அவன் காதைச் சட்டத்தில் வைத்துக் கேட்டான். எத்தனை கேட்டாலும் மரத்தில் விரல் படுகிற சத்தம்தானே வரும்? பதில் வந்துவிட்டது. அது என்னவென்றுதான் அவனுக்கோ வேறு யாருக்கோ தெரியப்போவதில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபெர்ரி நின்றதும் ஹெமெதி அங்கே போகிறான். அவள் தட்டுகிறாள். சில வாரம் பழையது, சில வாரம் புதியது. நிறுத்தத்தின் நீளத்தை வைத்து அவன் கண்டுபிடித்துவிடுகிறான். வீட்டுக் கூரை இன்னும் கீற்றுதான். கேட்டு முடித்துவிட்டுப் பாதாம் மரத்தடிக்கு வருகிறான். ஷெகுவே கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நீ திருப்பிச் சொன்னியா?"

ஹெமெதி சட்டைப் பையில் கையை விட்டுக் காசை எடுத்து அடுப்போரம் வைப்பான்.

"எல்லாருக்கும் ஊத்து. இன்னிக்கும் நான்தான் இறங்கினேன்."